பாக்கு மட்டையில் கூரை ஓவியம்: குவோமா முறை, நம் வீட்டுப் படம்

பாக்குமட்டைத் தட்டு செய்யும் பட்டறையில், அச்சில் போடாத முழு மட்டை வேண்டும் என்று கேளுங்கள். தட்டுக்கென்று உலர்த்தி அடுக்கி வைத்திருப்பார்கள். பொறுக்கி எடுக்க விடுவார்கள். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் தேறினால் போதும். ஓரம் கிழிந்ததை விட்டுவிடுங்கள். கரும்புள்ளி விழுந்ததை, விலையைக் குறைத்துத் தந்தாலும் தொடாதீர்கள். அது பூஞ்சை. மேலே எவ்வளவு நன்றாகத் தீட்டினாலும் ஐப்பசி மழைக்கு உள்ளிருந்து மறுபடி கிளம்பிவிடும்.

இந்த மட்டையின் உட்புறத்தில் கரிசல் மண் பூசி, நாமக்கட்டியால் கோடு இழுத்து, காவியும் மஞ்சளும் நிரப்பி, கூரைக்கு அடியில் வரிசையாகக் கட்டப்போகிறோம். பாப்புவா நியூ கினியில், செப்பிக் ஆற்றுக்கு வடக்கே வாஷ்குக் குன்றுகளில் வாழும் குவோமா மக்கள் தங்கள் சடங்கு வீட்டின் கூரைக்குள் இப்படித்தான் ஓவியம் கட்டுகிறார்கள். மேலூர்ப் பக்கத்தில் என் வீட்டு முற்றத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதையே இங்கே எழுதுகிறேன். முறை அவர்களுடையது, படம் நம்முடையது. இந்த ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பான டீச்சர். காரணம் பின்னால் வருகிறது.

அங்கே அவர்கள் எடுப்பது சேகோ பனையின் மட்டை. நம் ஊர் ஜவ்வரிசி சேலத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. அசல் சேகோ இந்தப் பனையின் தண்டுக்குள் இருக்கும் மாவு. மாவு சாப்பாட்டுக்கு, ஓலை கூரை வேய, மட்டை ஓவியம் தீட்ட என்று ஒரே மரம் மூன்றுக்கும் நிற்கிறது. நம்மிடம் சேகோ பனை இல்லை. தென்னம்பாளை கட்டை மாதிரி இருக்கும், வளைத்தால் பிளக்கும். வாழை மட்டை காய்ந்தால் சுருளும். பாக்கு மட்டைதான் லேசாகவும் உட்புறம் வழவழப்பாகவும் இருக்கிறது.

கையில் பிரஷ் எடுக்கும் முன் ஒருநாள் அண்ணாந்து பார்க்கப் போங்கள். எங்களுக்கு அழகர்கோவில் பக்கம். அங்கே வசந்த மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. கதையை விடுங்கள், கண்ணுக்கு எது முதலில் தெரிகிறது என்று பாருங்கள். அண்ணாந்து நிற்கிற ஆளுக்கு நகையும் நுணுக்கமும் கரைந்துபோகும். உருவத்தின் வெளிக்கோடும், பெரிய நிறப் பரப்பும், திரும்பத் திரும்ப வரும் வரிசையும்தான் நிற்கும். மேசைமேல் வைத்து வரைந்த படத்தைத் தூக்கிக் கூரையில் மாட்டினால் ஏன் செத்துக் கிடக்கிறது என்பது அப்போது புரியும். இதை நான் வாயால் சொல்லிப் பயனில்லை. கழுத்து வலிக்க ஒருமுறை பார்த்துவிட்டு வந்த பிள்ளை அடுத்த வாரம் தானாகவே கோட்டைத் தடிமனாக இழுக்கிறது.

குவோமா வீட்டில் இது இன்னும் கூடுதல். அந்த வீட்டுக்குப் பக்கச் சுவர் கிடையாது. பெரிய தூண்கள், அவற்றின்மேல் தரைப்பக்கம் வரை இறங்கும் நீண்ட ஓலைக் கூரை. வெளிச்சம் இறவாரத்துக்குக் கீழிருந்துதான் உள்ளே வரும். மக்கள் தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். தலைக்கு மேல், சரிந்த கூரையின் இரண்டு பக்கமும் ஓவிய மட்டைகள் நெருக்கமாக நிறைந்திருக்கும். தூண்களிலும் முகட்டு உத்திரத்திலும் செதுக்கு வேலை இருக்கும், அதற்கும் வண்ணம் உண்டு. அந்த மங்கலில் எது தெரியும்? கறுப்பின்மேல் வெள்ளைக் கோடு தெரியும்.

படமாகப் பார்க்க வேண்டுமானால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு குவோமா விதானம் இருக்கிறது. மரிவாய் ஊர் ஓவியர்கள் 1970லும் 1973லும் தீட்டிக் கொடுத்தது, 270க்கு மேற்பட்ட மட்டைகள். 1982ல் அங்கே திறந்த ராக்ஃபெல்லர் பிரிவுக்காக வாங்கியது. அருங்காட்சியக இணையதளத்தில் படம் போட்டிருக்கிறார்கள். கைபேசியில் பார்க்காமல் பெரிய திரையில் பாருங்கள். ஒவ்வொரு மட்டையிலும் ஒரே ஒரு உரு. பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். வட்டத்துக்குள் வட்டம், வளைந்த பட்டை, பல் பல்லான ஓரம்.

இணையத்தில் பொதுவாகத் தேடினால் எல்லாம் கலந்து வரும் என்பதால் இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். குவோமா மக்கள் இருக்கும் மெலனீசியா என்பது நியூ கினியில் தொடங்கி சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ கலிடோனியா, ஃபிஜி வரை நீளும் தீவுக் கூட்டம். ஊருக்கு ஊர் வீடு வேறு. முக்கோண முகப்பு வானத்துக்கு எழும்பி நிற்க, அதில் வரிசை வரிசையாகப் பெரிய முகங்கள் உருட்டி விழித்தால் அது பாப்புவா நியூ கினியிலேயே மப்ரிக் பகுதி ஆபெலாம் மக்களின் வீடு. அங்கே ஓவியம் வெளிமுகப்பில் இருக்கும்; அதன் அடியில் தலைகள் செதுக்கிய நீண்ட குறுக்கு உத்திரம் ஓடும். கூம்புக் கூரையின் உச்சியில் செதுக்கிய நீண்ட கம்பமும் அதில் கோத்த சங்கும் தெரிந்தால் அது நியூ கலிடோனியாவின் கனாக் மக்களுடைய பெரிய வீடு. வாசலின் இருபுறமும் முகம் செதுக்கிய கனத்த பலகைகள் நிற்கும். இன்று நாம் எடுத்துக்கொள்வது குவோமா விதானத்தை. அடிப்பூச்சையும் கோடு போடும் ஒழுங்கையும் மட்டும் ஆபெலாம் ஓவியர்களிடமிருந்து எடுக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

மட்டையைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். வளைத்தால் முறுக்கில்லாமல் வர வேண்டும். எடுத்து, துணியால் ஒற்றி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே அம்மியோ செங்கல்லோ ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் மறுபடி படகு மாதிரி வளைந்துகொள்ளும். காய்ந்தபின் உட்புறத்தைச் சொரசொரப்பான துணியால் ஒருமுறை தேய்க்க வேண்டும். அந்த மினுமினுப்பு போகாமல் மண் பிடிக்காது.

பிசின் முந்தின நாளே தயாராக இருக்கட்டும். கருவேலம் பிசின் நம் பக்கத்தில் மரத்திலேயே கிடைக்கும், இல்லையென்றால் மதுரை கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள். செங்காவி, மஞ்சள் காவி, நாமக்கட்டி எல்லாவற்றையும் அதே நடையில் வாங்கிவிடலாம். பிசினை நீரில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்லெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு கிராம்பு தட்டிப் போட்டால் சீக்கிரம் புளிக்காது. வெள்ளைக்குச் சுண்ணாம்பு போடலாமே என்று கேட்பார்கள். பிள்ளைகள் கையாளும் இடத்தில் சுண்ணாம்பு வேண்டாம். அண்ணாந்து வேலை பார்க்கும்போது ஒரு துளி கண்ணில் விழுந்தால் போதும். நாமக்கட்டி மண்தானே, சுண்ணாம்பு மாதிரி எரிக்காது.

இனி அடிப்பூச்சு. இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஆபெலாம் ஓவியர்கள் மட்டைமேல் முதலில் கருஞ்சேறு பூசி, அது காய்ந்த பிறகுதான் வண்ணம் எடுப்பார்கள். நமக்குத் திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் மண் இருக்கிறது. கட்டியை உடைத்துத் தண்ணீரில் ஊறவிட்டு நன்றாகக் கலக்குங்கள். மணலும் கல்லும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு சட்டியில் சாய்த்துத் தெளியவிட்டால், அடியில் வெண்ணெயாக வண்டல் இறங்கியிருக்கும். அந்த வண்டல் மட்டும் போதும்.

கரிசலின் குணம் உங்களுக்குத் தெரியும். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே மண்தான் உங்கள் மட்டையிலும் வெடிக்கும். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். வண்டலில் பாதி அளவு நைசாக அரைத்த கரித்தூள் சேருங்கள்: சுருக்கம் குறையும், கறுப்பும் ஏறும். பிசின் சேர்த்த பூச்சை மோர்ப் பதத்தில், மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். ஒரே தடவையில் கனமாகப் பூசக் கூடாது. முதல் பூச்சை நெடுக்கில், காய்ந்தபின் இரண்டாவதைக் குறுக்கில். முழுசும் காய்ந்ததும் மட்டையை லேசாக வளைத்துப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் பிசின் போதவில்லை. எண்ணெய் தடவினது போலப் பளபளத்தால் பிசின் அதிகம், அதன்மேல் நாமக்கட்டி வழுக்கும். விரலால் தேய்த்தால் விரலில் லேசாகக் கறுப்பு ஒட்ட வேண்டும், ஆனால் உதிரக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை ஓரத்துண்டில் பூசிப் பூசிப் பாருங்கள்.

அப்புறம் வெள்ளைக் கோடு. ஆபெலாம் மக்களிடையே இருந்து ஆராய்ந்த மானிடவியலாளர் ஆந்தனி ஃபோர்ஜ் எழுதி வைத்திருக்கிறார்: தலைமை ஓவியர் முதலில் வெள்ளைக் கோட்டால் உருவத்தை இழுத்துவிடுவார், மற்றவர்கள் அந்தக் கோட்டை ஒட்டி மற்ற வண்ணங்களை நிரப்பிக்கொண்டு வருவார்கள். நம் பிள்ளைகளுக்கு இது தலைகீழ்ப் பழக்கம். பென்சிலில் வரைந்து, வண்ணம் அடித்து, கடைசியில் கறுப்பில் கோடு போட்டுத்தான் பள்ளியில் பழகியிருக்கிறார்கள். என் முற்றத்தில் பென்சிலும் ரப்பரும் வெளியே வராது.

நாமக்கட்டியைக் கல்லில் உரசி, கொஞ்சமாகப் பிசின் சேருங்கள். பிரஷுக்கு வேப்பங்குச்சி முனையைப் பல்லால் நைத்துக்கொண்டால் போதும். கோடு சுண்டுவிரல் தடிமன் இருக்கட்டும், எட்டடி உயரத்தில் அது நூலாகத்தான் தெரியும். கோலம் போட்டுப் பழகிய கைக்குக் கோடு நடுங்காது. ஆனால் புள்ளி வைத்துத் தொடங்காதீர்கள். நடுக்கோட்டிலிருந்து தொடங்கி, இடப்பக்கம் ஒன்று இழுத்தால் உடனே வலப்பக்கம் அதற்கு ஜோடி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் இரண்டும் சேராது.

காவியும் மஞ்சளும் நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். வண்ணம் வெள்ளைக் கோட்டைத் தொடக் கூடாது. நடுவில் ஓர் எள் அகலத்துக்கு அடிக்கறுப்பு தெரியட்டும். அருகில் பார்த்தால் விட்டுப்போனது போலத் தோன்றும். கூரையில் ஏற்றிப் பாருங்கள், அந்த மெல்லிய கறுப்புதான் சிவப்பையும் வெள்ளையையும் பிரித்துக் காட்டும். தொட்டுவிட்டால் இரண்டும் கலந்து, கீழிருந்து ஒரே இளஞ்சிவப்பாகத் தெரியும்.

இப்போது படத்துக்கு வருகிறேன். எதை வரைவது?

குவோமா விதானத்தில் ஒவ்வொரு படமும் ஒரு குலத்துக்குச் சொந்தம். அந்தக் குலத்தோடு சேர்ந்த விலங்கோ செடியோ, இயற்கைப் பொருளோ, ஆவியோ அதில் இருக்கும். வெளியாளுக்கு அது முக்கோணமும் வட்டமும். அந்தக் குலத்தாருக்கு அது யார் என்று தெரியும். ஆபெலாம் மக்களிடம் வண்ணத்துக்கே சக்தி உண்டு என்ற நம்பிக்கை. நீளமாக வளர்க்கும் சடங்கு வள்ளிக்கிழங்கோடு சேர்ந்த நம்பிக்கை அது. முகப்பில் இருக்கும் முகங்கள் அழகுக்கு வைத்தவை அல்ல, அவை குலத்து ஆவிகள். பதினெட்டாம்படிக் கருப்பனின் சாத்திய கதவுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுகிற நமக்கு, ஒரு முகப்பே சாமியாக நிற்கலாம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே இந்த வீடுகள் தீட்சை பெற்ற ஆண்களின் இடம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். என்னிடம் வருபவர்களில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் தெரிந்துகொண்டே தொடங்கட்டும்.

ஆகவே திரையில் பார்த்த படத்தை அப்படியே மட்டையில் ஏற்றாதீர்கள். விடுதி வாசலில் மாட்டுவதற்கு என்று யாரோ முகங்களை நகலெடுத்துச் செய்து விற்கிறார்கள். பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். இவை செத்த வழக்கமும் இல்லை. பாப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் 1984ல் திறந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் முகப்பே மப்ரிக் சடங்கு வீட்டின் சாயலில் கட்டியது. 2013ல் அப்போதைய சபாநாயகர், கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஒவ்வாதவை என்று அதன் குறுக்கு உத்திரத்தில் செதுக்கியிருந்த தலைகளை வெட்டி எடுக்கச் செய்தார். நாடே கொந்தளித்தது, வழக்குப் போனது, 2016ல் நீதிமன்றம் அவர் செய்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. மரத்தலைகளுக்காக ஒரு நாடு நீதிமன்றம் போகிறது என்றால் அவை வெறும் அலங்காரம் இல்லை.

அதனால் என் வகுப்பில் படம் வீட்டிலிருந்து வர வேண்டும். "உங்க குலசாமி கோயில்ல என்ன மரம் நிக்குது? உங்க தோட்டத்துல, உங்க கண்மாயில எது உங்க வீட்டுக்குன்னு சொல்லுவாங்க? பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் கருப்பசாமியையே வரைகிறேன் என்று நின்றான். தாத்தாவிடம் கேட்டுவரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்து, "டீச்சர், தாத்தா அருவாளப் போடுன்னாரு. சாமி மொகத்த மட்டும் போடக் கூடாதாம், மட்டை கீழ விழுந்தா யாரு காலு படும்னு கேட்டாரு" என்றான். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. எதை வரையலாம், எதை வரையக் கூடாது என்று சொல்லும் உரிமை ஒரு வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று அந்தப் பையன் தெரிந்துகொண்டு வந்துவிட்டான். இரண்டு அரிவாள்களை முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் மூங்கில் காம்பு மாதிரி ஒரு பட்டை விட்டான். பார்த்தால் இரண்டு வளைந்த கொம்புகள். அவனுக்கு மட்டும் தெரியும் அது என்ன என்று.

உருவைச் சுருக்கும் விதத்தை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். பனங்காட்டு வீட்டுப் பெண் ஒருத்தி நுங்கு வரைந்தாள். முதலில் பனைமரம், குலை, காய் எல்லாம் வரையப் பார்த்தாள். குறுக்கே சீவிய நுங்கை மட்டும் பார் என்றேன். மூன்று கண். ஒவ்வொரு கண்ணும் வட்டத்துக்குள் வட்டம்: தோல், தோலுக்குள் நுங்கு, நடுவில் நீர் நிற்கும் குழி. மூன்றையும் சேர்த்துச் சுற்றி ஒரு தடித்த பட்டை, வெளியே காயின் விளிம்புக்குப் பல் வரிசை. அவ்வளவுதான். இரண்டு கண் மேலே, ஒன்று கீழே என்று வைத்ததும் அது முகமாகிவிட்டது. காவியும் மஞ்சளும் மாறி மாறி வந்தபோது கூரையிலிருந்து அது நம்மைப் பார்ப்பது போலவே இருந்தது. பொருளை முழுசாக வரையாதீர்கள். அதை வெட்டிப் பார்த்தால், திருப்பிப் பார்த்தால், இரட்டித்துப் பார்த்தால் எந்த வடிவம் மிஞ்சுகிறதோ அதை எடுங்கள்.

கட்டுவது சுலபம். மூங்கில் தப்பைகளை ஓரடி இடைவெளியில் கூரைச் சரிவுக்குக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். மட்டையின் நான்கு மூலையிலும் கோணி ஊசியால் துளையிட்டு, பனைநாரிலோ மெல்லிய கயிற்றிலோ தப்பையோடு இறுக்குங்கள். ஒன்றன் ஓரம் அடுத்ததன்மேல் ஒரு விரல் அளவு ஏறட்டும். மட்டைக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுங்கள், இல்லையென்றால் தகர ஷீட்டின் சூட்டில் சுருண்டுவிடும். வார்னிஷ் வேண்டாம். பளபளப்பில் கீழிருந்து பார்க்கும்போது வெளிச்சம் மட்டுமே தெரியும், கோடு தெரியாது. இது தண்ணீர் பட்டால் கரையும் வண்ணம், ஆகவே ஒழுகாத கூரையாகப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் மாட்டலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு: காய்ந்த மட்டை சட்டென்று தீப்பிடிக்கும். 2004ல் கும்பகோணத்தில் கீற்றுக்கூரை எரிந்து 94 பிள்ளைகள் போன மாநிலம் இது. வகுப்பறைக்குள், சத்துணவுக் கூடம் பக்கத்தில், மின்கம்பிக்கு அருகில் கட்டாதீர்கள். நாலு பக்கமும் திறந்த ஷீட் கொட்டகை, வீட்டுத் திண்ணை, தோட்டத்துப் பந்தல், இவை போதும்.

எந்த மட்டை எங்கே என்பதைக் கட்டும் முன் தரையில் பரப்பி முடிவு செய்யுங்கள். வெள்ளை அதிகமுள்ளவை முகட்டுக்கு அருகில், இருட்டு அங்கேதான். அடர் காவி இறவாரப் பக்கம். ஒரே வீட்டு அண்ணன் தங்கை படங்களைப் பக்கத்தில் வைத்தால் அவர்களே தேடிக் கண்டுபிடித்து அடியில் போய் உட்காருவார்கள்.

தை மாதத்தில் ஒருமுறை அவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பூச்சி அரித்ததையும் ஈரம் வாங்கியதையும் எடுத்துவிட வேண்டும். அதற்காக வருத்தப்பட வேண்டாம். செப்பிக் ஈரத்திலும் கறையானிலும் அந்த வீடுகளும் நிலைப்பதில்லை, மறுபடி கட்டுகிறார்கள், மறுபடி தீட்டுகிறார்கள். எடுத்த இடத்துக்குப் புது மட்டை போடும்போது அந்தப் படத்தை முதலில் போட்ட பிள்ளையைக் கூப்பிட்டே போடச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை ஊரில் இல்லையென்றால் அந்த வீட்டிலிருந்து யாராவது வரட்டும். அதுவரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், நீங்கள் வரைந்து நிரப்பாதீர்கள்.